இணைந்தன சபைகள் - இடிந்ததா சுவர்?

1947 செப்டம்பர் 27. சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலே பிறந்தது தென்னிந்தியத் திருச்சபை. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை எனத் தனித்தனிக் கொடி பிடித்தோர் ஒரே குடைக்கீழ் வந்தனர். ஐரோப்பாவிலே மூண்ட பூசலை இங்குள்ளோர் ஏன் சுமக்கவேண்டும்? இந்தக் கேள்விதான் வித்து. வித்திட்ட இடம் தரங்கம்பாடி, ஆண்டு 1919. அந்தத் தரங்கம்பாடியின் லுத்தரன் சபையோ இணைப்பிலே சேராமல் இன்றும் தனித்தே நிற்கிறது!

கேள்வி கேட்டோரில் முன்னவர், நெல்லைச் சீமை வெள்ளாளன்விளையிலே பிறந்த அசரியா. 1910-இல், மேலைநாட்டார் நிறைந்த எடின்பரோ மாநாட்டிலே, பொருளும் உழைப்பும் தந்தீர்கள், நட்பையும் தாருங்கள் என்ற கருத்துப்படப் பேசினார். ஆதிக்கம் கோலோச்சிய காலத்திலே, ஆள்வோர் இனத்தாரின் முகத்துக்கு நேரே! என்னே அந்த நெஞ்சுரம்! 1912-இல் தோர்ணக்கல் பேராயரானார்; ஆங்கிலிக்கன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர். இணைப்புக்காக உழைத்த அவர், அது நிறைவேறுமுன் 1945-இல் மறைந்தார்.

பாராட்டுவோம். பாராட்டிய பின் கேட்போம்: 28 ஆண்டுகள் எதைப் பேசினர்? பேராயரின் கை தலைமீது படாதவர் முறையான போதகராவாரா? பேச்சை இழுத்தடித்த பெருஞ்சிக்கல் இது. எந்தக் கை எந்தத் தலையைத் தொட்டது என்று ஆராய்ந்தனர். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவனின் கையை யார் தொட்டனர் என்ற கேள்வி அத்துணை ஆண்டுகளை எடுத்துக்கொள்ளவில்லை.

நோய் புதிதா? 1833-இலேயே பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்துள் சாதி வேற்றுமை கூடாதென ஆணையிட்டார். விளைவு? தஞ்சையிலே மேல்சாதிக் கிறித்தவர் பலர் ஆலயத்தைத் துறந்தனர், சாதியைத் துறக்கவில்லை!

இணைப்புக்குப் பின்னரேனும் மருந்து கிடைத்ததா? கிடைத்திருந்தால், 1980-களிலே தலித் இறையியல் என்றொரு குரல், கிறித்தவக் கல்லூரிகளுக்குள்ளிருந்தே எழவேண்டிய தேவை என்ன? வெளியார் சுமத்திய பழியன்று அது. உள்ளிருப்போர் எழுதிய குற்றப்பத்திரிகை.

கடல் கடந்து வந்த சுவர் இடிந்தது. இந்த மண்ணிலே முளைத்த சுவர் நிற்கிறது. முன்னதை இடிக்கத் தீர்மானங்கள் போதும். பின்னதை இடிக்க, பந்தியிலே பக்கத்தில் அமரவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கவேண்டும். கல்லறையிலே அருகருகே உறங்கச் சம்மதிக்கவேண்டும்.

தோழர்களே! ஒற்றுமை பேசும் மன்றம் எதுவாயினும், அதை அளக்க இந்தக் கோலையே எடுங்கள். அசரியா அன்று கேட்ட நட்பு, வெள்ளையர் மட்டும் தரவேண்டிய கடனன்று. உள்ளூர்க் கடன் இன்னும் பாக்கி!