தியாகத் தாயும் காணித் தாயும்: புலம்பெயர்ந்த அன்னையர் பற்றிய புனைகதைகள் குறித்து

ஈழத்துத் திறனாய்வில் 'தியாகத் தாய்' என்ற தொடர் தாராளமாக வழங்கப்படுகிறது. அத்தாய் யாருடைய நிலத்தில், எவ்வுரிமையுடன் நின்றாள் என்ற வினா எழுப்பப்படுவது அரிது. மலையகத்திலிருந்து பெயர்ந்து வன்னியிற் குடியேறிய அன்னையரைப் பற்றிப் பேசுகையில் இது சிறு குறையன்று. வவுனியா–மன்னார் வீதியிலுள்ள பூவரசங்குளத்தையும் அதனைச் சூழ்ந்த செட்டிகுளப் பகுதியையும் மனத்திற் கொண்டே இதனை எழுதுகிறோம்.

ஒப்புநோக்குக்கு ஒரு கரிபியன் அன்னையை எடுத்துக்கொள்வோம். போல் மார்ஷல் 1959இல் வெளியிட்ட 'பிரவுண் கேர்ள், பிரவுண்ஸ்டோன்ஸ்' என்ற நாவலில் வரும் சில்லா போய்ஸ், பார்படோஸிலிருந்து நியூயோர்க்கின் புரூக்ளினுக்கு வந்தவள். வீட்டுவேலை செய்கிறாள், போர்க்காலத்தில் தொழிற்சாலைக்குச் செல்கிறாள். வாடகைக்கிருக்கும் வீட்டைச் சொந்தமாக்குவதே அவளது ஒரே நோக்கம். அதன்பொருட்டு, தாயகத்தில் கணவனுக்கிருந்த காணியை அவனறியாமல் விற்கிறாள். பின்னர் அவன் நாடுகடத்தப்படவும் அவளே காரணமாகிறாள். மகள் தாயை 'ஹிட்லர்' என்றே ஏசுகிறாள். ஆயினும் வாசகர் அவளை வெறுத்தொதுக்க முடிவதில்லை. குடும்பத்துக்காகச் செய்வதும் குடும்பத்தைச் சிதைப்பதும் ஒரே செயலாக அமையும் முரண்பாட்டை ஆசிரியர் மூடிமறைக்காமையே இதற்குக் காரணமாகும். அவளது பற்று வீட்டுறுதியோடும் கூலிக்காசோடும் பின்னிக் கிடக்கிறது.

இனி வன்னிக்கு வருவோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே தொகை பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. 1970களின் நடுப்பகுதியிற் தோட்டங்களைப் பீடித்த பட்டினியும் 1977ஆம் ஆண்டு வன்செயலும் பல குடும்பங்களை வவுனியா, கிளிநொச்சிக் காடுகளை நோக்கித் தள்ளின. பிரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் பழகிய கைகள் காடுவெட்டவும் உளுந்து விதைக்கவும் கற்றன. ஆனால், நாடற்றவளுக்கு அரச காணியின் உத்தரவுப்பத்திரம் எட்டாக்கனி. குடியுரிமை பெற்ற குடும்பத்திலும் நிலைமை முற்றாகத் திருந்திவிடவில்லை. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாதவிடத்து மகளுக்கு முன்னர் மகனே நின்றான். கைம்பெண் மறுமணம் புரிந்தால் காணியுரிமையை இழந்தாள்.

இவ்வன்னை எம் புனைகதையில் எங்கே? கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' (1964) தோட்டத்துக்கு வந்த பெண்ணின் வாழ்வை மையமாக்கியது. அதற்காக அது என்றும் மதிக்கத்தக்கது. எனினும் அதன் உலகம் தோட்டத்தோடு நின்றுவிடுகிறது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' (1973) தண்ணிமுறிப்பின் காட்டையும் களனியையும் நெருங்கியறிந்து எழுதப்பட்டது. அங்கு வரும் பதஞ்சலி வன்னி மண்ணின் மகள். மலையிலிருந்து வந்தவள் அல்லள். இரண்டுக்கும் இடையேயுள்ள வழியில் மூட்டைமுடிச்சுகளோடு நடந்தவளுக்கு இவ்விரு நாவல்களிலும் இடமில்லை. 1977க்கு முன்னர் எழுதியோரை இதற்காகக் குறைகூறுவது நேர்மையன்று. பின்னர் எழுதியோரைக் கேட்கலாம்.

முற்போக்குத் திறனாய்வாளரும், எம்மையும் சேர்த்தே சொல்கிறோம், இத்தவறுக்குப் புறம்பானவரல்லர். வேலைநிறுத்தத்தில் நிற்கும்வரை அவளை வர்க்கப் பிரதிநிதியாகக் கண்டோம். வளவுக்கு வேலியடைத்து, மகனுக்கு எழுதுவதா மகளுக்கு எழுதுவதா என்று அவள் குடும்பத்துள் மல்லுக்கு நின்றபோது 'சிறுவுடைமை மனோபாவம்' என்று ஒதுக்கினோம். நாடற்றவளாயிருந்த ஒருத்திக்கு ஒரு ஏக்கர் நிலம் என்ன பொருள் தரும் என்று கேட்க எமக்குத் தோன்றவில்லை. அந்த மல்லுக்கட்டில் அவள் இழைத்த அநீதிகளும் இருந்திருக்கும்: மூத்தவளின் படிப்பை நிறுத்திக் களைபிடுங்க அனுப்பியமை, மருமகளை நம்பாமை. சில்லாவுக்கு மார்ஷல் அளித்த அந்தக் கடுமையை எம் அன்னைக்கு அளிக்க எழுத்தாளர் தயங்குகின்றனர். ஏற்கெனவே இழிவுபடுத்தப்பட்ட சமூகத்தின் தாயைக் குறையுடையவளாகக் காட்டலாமா என்பது அவர்களது அச்சம். அச்சம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அதன் விளைவாக, காணிக் கச்சேரி வாசலில் நாள்முழுதும் காத்துநின்ற ஒருத்தி, கதையில் அடுப்படியில் கண்கலங்கி நிற்பவளாக மாறிவிடுகிறாள்.