உளறல் யாருக்காக?

ஆங்கிலத்தில் ‘பங்க்கம்’ என்றால் வெட்டிப்பேச்சு. அது ஒரு ஊர்ப்பெயர். 1820இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில், மிசௌரியில் அடிமைமுறை இருக்கலாமா என்று விவாதம். வாக்கெடுப்புக்குப் போகலாம் என்று மற்றவர்கள் கத்தியும் வட கரோலினாவின் ஃபெலிக்ஸ் வாக்கர் நிறுத்தவில்லை. என் தொகுதியின் பங்க்கம் கவுண்டிக்காகப் பேசுகிறேன் என்றாராம்.

‘ஆன் புல்ஷிட்’ நூலில் ஹாரி ஃபிராங்ஃபர்ட், கதைவிடுகிறவனுக்கு உண்மையைப் பற்றிக் கவலையே இல்லை என்கிறார். சரிதான். ஆனா அந்த விளக்கம் பேசுகிறவன் மனசோட நின்னுடுது. கேட்கிறவன் யார் என்று அது கேட்பதில்லை. பங்க்கம் பொய்யா இருக்கணும்னு இல்ல. எதிரே இருப்பவர்களுக்கானதாக இல்லாமல் இருந்தாலே போதும். வாக்கர் ஊருக்குப் பேசினார், ஊரில் ஓட்டு இருந்தது. யாரைப் பற்றிய விவாதமோ, அந்த அடிமைகளுக்கு ஓட்டு இல்லை.