உதைப்பு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஐ-10 நெடுஞ்சாலை அட்சஃபலயா சதுப்புநிலத்தைப் பாலத்தின் மேலாகவே கடக்கிறது. ஏறக்குறைய 29 கிலோமீட்டர் பாலம். கான்கிரீட் தளங்களின் ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் தட்டும். பின்னால் வீட்டு டிரெய்லரை இழுத்துக்கொண்டு பிக்கப் டிரக்கில் போகிறவர்களுக்கு, இருக்கையின் முதுகில் யாரோ விடாமல் உதைப்பதுபோல் இருக்கும். இந்த முன்பின் உதைப்புக்கு மருந்தாக அங்கே சந்தையில் கிடைப்பவை காற்றுப்பை வைத்த கொக்கிகளும் ரப்பர் வைத்த இணைப்புப் பெட்டிகளும். பெரும்பாலானவற்றின் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும். அந்தப் பணம் எப்போது பலன் தருகிறது, எப்போது வீணாகிறது என்பது பலருக்கும் வாங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

இந்த வீட்டு டிரெய்லர்களில் ஃபிஃப்த் வீல் என்ற வகையின் இணைப்பு, சென்னைத் துறைமுகச் சாலையில் ஓடும் கன்டெய்னர் லாரியின் இணைப்பைப் போன்றதுதான். டிரெய்லரின் மூக்கில் உள்ள இணைப்புப் பெட்டியிலிருந்து தொங்கும் இரண்டு அங்குல எஃகு முளைக்குக் கிங்பின் என்று பெயர். பிக்கப்பின் பின்தொட்டியில், பின்அச்சுக்கு நேர்மேலாகவோ சற்று முன்னாலோ பொருத்திய கொக்கியின் தாடை அதைக் கவ்விக்கொள்கிறது. டிரெய்லர் எடையில் ஐந்தில் ஒரு பங்குபோல இந்த முளை வழியாக டிரக்கின் மேல் இறங்குகிறது. 6,000 கிலோ டிரெய்லர் என்றால் சுமார் 1,200 கிலோ. இவ்வளவு எடை அழுத்துவதால்தான் இந்த அமைப்பு பக்கவாட்டில் ஆடாமல் நிலையாக ஓடுகிறது. குலுக்கல் நேரே ஓட்டுநரின் முதுகுக்கு வருவதற்கும் அதே எடைதான் காரணம்.

முளைக்கும் டிரக்குக்கும் நடுவே மெத்தை வைக்கும் யோசனை புதிதல்ல. விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸ் 1920களில் ஏரோகார் என்ற டிரெய்லரை உருவாக்கியபோது, காற்றடைத்த டயர் ஒன்றைக் காரின் பின்புறம் படுக்கவைத்து, டிரெய்லரின் முளையை அதன் நடுவில் இறக்கினார். இந்த வகை இணைப்பு பொழுதுபோக்கு வண்டிகளுக்கு வந்த தொடக்கத்திலேயே காற்று மெத்தையும் கூடவே வந்திருக்கிறது. அதற்குப் பின் மலிவுக்காக எஃகை எஃகோடு இணைத்துவிட்டு, மெத்தையைத் தனிவிலைப் பொருளாக்கிவிட்டார்கள். இதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

மெத்தை நல்லதுதான். ஆனால் ஓட்டுநர் உணரும் குலுக்கல் ஒரே வகையானது அல்ல. ஒன்று மேலும் கீழுமான துள்ளல். மற்றொன்று முன்னும் பின்னுமான உதைப்பு. கிங்பின் டிரெய்லரின் அச்சுகளைவிட உயரத்தில் இருக்கிறது. அதனால் டிரெய்லர் தன் அச்சைச் சுற்றித் தலையாட்டும்போது முளை மேலும் கீழும் போவதோடு முன்னும் பின்னும் நகர்கிறது. காற்றுப்பை முக்கியமாகத் துள்ளலை வாங்கிக்கொள்ளும். ரப்பர் இணைப்புகளில் பலவும் முன்பின் அசைவுக்கும் இடம் கொடுப்பவை. உதைப்பால் அவதிப்படுகிறவர் காற்றுப்பையை வாங்கிவிட்டு, 'பாதிதான் குறைந்தது' என்று வருந்துவது இதனால்தான்.

இரண்டுமே தீர்க்காத மூன்றாவது தொல்லை, இணைப்பில் உள்ள தொய்வு. இதைக் காசில்லாமல் கண்டுபிடிக்கலாம். சமதளத்தில் டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரெய்லர் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, ஒருவர் டிரக்கை முன்னும் பின்னும் மெல்ல அசைக்க வேண்டும். இன்னொருவர் டிரக்கின் பக்கவாட்டில், ஓர் எட்டு தள்ளி நின்று கொக்கியைப் பார்க்க வேண்டும். தாடைக்குள் முளை 'டக்' என்று நகர்கிறதா? கொக்கியின் கால்கள் தொட்டியில் உள்ள தண்டவாளத் துளைகளில் ஆடுகின்றனவா? இணைப்புப் பெட்டியின் போல்ட்டுகள் இறுகியிருக்கின்றனவா? ஒவ்வோர் இடத்திலும் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். எல்லாம் சேர்ந்து நெடுஞ்சாலை வேகத்தில் சுத்தியலடியாகிவிடும். முளையைச் சுற்றிலும் கவ்வும் தாடையில், ஒரு பக்கம் கம்பி மட்டும் குறுக்கே வந்து பூட்டும் வகையைவிடத் தொய்வு குறைவு. சாதாரணக் கொக்கியை மாற்றுவதாக இருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிரெய்லர் பிரேக்கின் வலுவைக் குறைத்து வைத்திருந்தால் ஒவ்வொரு முறை வேகம் குறைக்கும்போதும் டிரெய்லர் டிரக்கைத் தள்ளும். அதையும் கொக்கியின் குறை என்றே நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி மெத்தைகளின் குறைகள். காற்றுப்பைக்கு அழுத்தம் சரியாக இருக்க வேண்டும். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி நிரம்பியபோதும் காலியானபோதும் முளையின் மேல் விழும் எடை மாறுகிறது. காற்று குறைந்தால் இரும்பு இரும்பில் இடிக்கும். கூடினால் மெத்தை கட்டையாகிவிடும். புறப்படும்போதெல்லாம் பார்க்கப் பொறுமை உள்ளவருக்கே அது உதவும். ரப்பருக்கு அந்தத் தொந்தரவு இல்லை. ஆனால் தன் எடைக்கு ஏற்ற ரப்பரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அதுவும் அசையாது. டிரக்கின் பின்தொட்டியில் வைக்கும் காற்றுக்கொக்கிகளோ கனமானவை. ஓட்டுநர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் டிரக் சுமக்கக்கூடிய எடை அச்சாகியிருக்கும். முளையின் எடை, கொக்கியின் எடை, ஆட்கள், சாமான் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். 'முக்கால் டன்' என்று அழைக்கப்படும் வகை டிரக்குகள் பலவற்றில் அந்தக் கணக்கு முளையின் எடையோடே முடிந்துவிடுகிறது. அங்கே சொகுசுக்காகக் கனத்தைக் கூட்டுவது பாதுகாப்பைக் கொடுத்து வாங்கும் சொகுசு.

பின்தொட்டியின் தரையில் உள்ள இணைப்புப் பந்துமேல் உட்காரும்படி முளைக்கு நீண்ட இரும்புக் கழுத்து மாட்டும் வழக்கம்தான் என்னைக் கவலைப்படுத்துகிறது. தொட்டி காலியாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆனால் கழுத்து நீள நீள, டிரெய்லர் சட்டகத்தின் மீது நெம்புவிசை பெருகுகிறது. அந்தச் சட்டகம் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. பற்றவைப்பு விரிசல் விட்டால் உத்தரவாதமும் கிடைக்காமல் போகலாம். மெத்தை உள்ள, சட்டகத் தயாரிப்பாளரின் ஒப்புதலும் பெற்ற கழுத்துகளை மட்டுமே நான் ஏற்பேன்.

தொந்தரவின் வேர் பெரும்பாலும் டிரெய்லரின் அடியில் இருக்கிறது. உள்ளே மின்சாரக் கணப்பு அடுப்பும் பெரிய தொலைக்காட்சியும் வைக்கும் நிறுவனங்கள் பல, கீழே ஷாக் அப்சார்பர் இல்லாத வில்பட்டைகளோடு வண்டியை விற்கின்றன. அச்சுகளுக்கு ஷாக் அப்சார்பர் போட்டாலே தலையாட்டம் குறையும். கொக்கிக்கு வந்துசேரும் வேலையும் குறையும்.

தொய்வை நீக்கி, எடையைச் சரிபார்த்து, பிரேக்கைத் திருத்திய பிறகும் உதைப்பு மிச்சமிருந்தால் ரப்பர் இணைப்புப் பெட்டியையே பரிந்துரைப்பேன். துள்ளல்தான் தொல்லை என்றால் காற்று. எதை மாட்டினாலும் டிரெய்லர் மூக்கின் அடிப்பாகத்துக்கும் தொட்டியின் விளிம்புக்கும் இடையே சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிட வேண்டும். அதுவும் சாமான் முழுவதும் ஏற்றியபின். மெத்தை அமுங்கும்போது அந்த இடைவெளியும் சுருங்கும்.