ஐம்பால்: உரைமரபும் மீட்டுருவாக்கமும்

முன்னுரை

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையில் மணம் உண்டா என்ற வினா தமிழ்ப் புலமை மரபில் பெரிய வாதமாகவே பேசப்பட்டுள்ளது. இறையனார் பாடிய குறுந்தொகை 2ஆம் பாடலைச் சூழ்ந்து எழுந்த நக்கீரர், தருமி கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கிறது. ஆனால் அக்கூந்தல் எவ்வாறு வகுக்கப்பட்டது, எவ்வாறு முடிக்கப்பட்டது என்ற வினா அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. சங்க இலக்கியத்தில் கூந்தலைக் குறிக்க ஓதி, கதுப்பு, கூழை, குழல், முச்சி எனப் பல சொற்கள் பயில்கின்றன. அவற்றுள் எண்ணுப் பெயரைத் தாங்கி நிற்பது ஐம்பால் என்னும் சொல்லாகும். இச்சொல்லுக்கு உரையாசிரியர்களும் அகராதிகளும் தந்த விளக்கங்களைச் சீர்தூக்கிப் பார்ப்பதும், பழங்கால மகளிரின் கூந்தல் ஒப்பனையை இன்று மீட்டுருவாக்குவோர் அவ்விளக்கங்களை எந்த அளவிற்குச் சான்றாகக் கொள்ளலாம் என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டு பட்டியல்கள்

ஐம்பால் என்பதற்கு இரண்டு பட்டியல்கள் பெரிதும் எடுத்தாளப்படுகின்றன. நிகண்டு, அகராதி வழியில் வழங்குவது முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்பதாகும். சீவக சிந்தாமணி உரையில் நச்சினார்க்கினியர் தருவது குழல், அளகம், கொண்டை, பனிச்சை, துஞ்சை என்பதாகும். கொண்டை, குழல், பனிச்சை ஆகிய மூன்றும் இரண்டிலும் உள்ளன. முடியும் சுருளும் இருந்த இடத்தில் அளகமும் துஞ்சையும் வந்துள்ளன. வழக்கில் நிலைத்திருந்த ஐந்து ஒப்பனை வகைகளின் பெயர்களே இவை எனின், ஐந்தில் இரண்டு மாறியிருக்க வேண்டியதில்லை.

முதற் பட்டியலுக்கு அகராதிகள் தரும் விளக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. உச்சியில் முடிப்பது முடி, பக்கத்தில் முடிப்பது கொண்டை, பின்னே செருகுவது சுருள், சுருட்டி முடிப்பது குழல், பின்னி விடுவது பனிச்சை என்பது அவ்விளக்கம். இவற்றுள் முதல் மூன்றும் இடத்தைக் கொண்டு பகுக்கப்பட்டவை. பின் இரண்டும் செய்முறையைக் கொண்டு பகுக்கப்பட்டவை. பகுப்பதற்குரிய அடிப்படை இடையிலேயே மாறுகிறது. பின்னிய கூந்தலை உச்சியிலும் முடியலாம், பக்கத்திலும் முடியலாம். அவ்வாறாயின் அது முடியா, கொண்டையா, பனிச்சையா என்ற வினாவுக்கு இப்பட்டியலில் விடையில்லை.

நச்சினார்க்கினியரின் பட்டியல் வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. அளகம் என்பது பெரும்பாலும் நெற்றியின்மேல் தவழும் சுருள்மயிரைக் குறிப்பது. அது முழுக் கூந்தலையும் ஒப்பனை செய்யும் முறையன்று. தலையின் ஒரு பகுதியில் அமையும் மயிர். இதனைக் கருத்திற்கொண்டால், அவர் கூறும் ஐந்தும் ஒரே தலையில் ஒருங்கே அமையும் பகுதிகளாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுகிறது. எனவே ஐம்பால் என்பது ஒருத்தி வெவ்வேறு வேளைகளில் செய்துகொள்ளும் ஐந்து ஒப்பனைகளா, ஒரே ஒப்பனைக்குள் அமைந்த ஐந்து பகுதிகளா என்ற அடிப்படை வினா தீராமலே நிற்கிறது. பின்னாளில் எழுந்த கட்டுரைகள் பலவும் இவ்வினாவை எழுப்பாமல் பட்டியலை மட்டும் எடுத்துக்கூறிச் செல்கின்றன.

பாடல்கள் காட்டும் சான்று

பால் என்னும் சொல்லின் பொருள் பகுதி என்பதே. திணை, பால் என இலக்கணத்தில் வரும்போதும் பகுப்பு என்னும் கருத்தே அடிப்படையாக உள்ளது. இப்பொருளை மனத்திற்கொண்டு மூன்று இலக்கியச் சான்றுகளை நோக்கலாம்.

முதலாவது, மோதாசனார் பாடிய குறுந்தொகை 229ஆம் பாடல். இன்று மணம் கூடிச் செல்லும் தலைவனும் தலைவியும் சிறுவயதில் ஒருவர் தலைமயிரை ஒருவர் பற்றி இழுத்துச் சண்டையிட்டதைக் கண்டோர் நினைவுகூர்கின்றனர். அவன் பற்றுவது அவளது ஐம்பாலை. அவள் பற்றுவது அவனது ஓரியை. செவிலியர் விலக்கியும் சண்டை நின்றபாடில்லை. விளையாட்டுப் பருவத்துச் சிறுமியின் தலைக்கு இச்சொல் இங்கு ஆளப்படுகிறது. உச்சிமுடியும் பக்கக் கொண்டையும் என ஐவகை ஒப்பனையில் தேர்ந்த மகளை இப்பாடல் காட்டவில்லை. இங்கு ஐம்பால் என்பது கூந்தல் என்னும் பொதுப்பொருளில் மட்டுமே வந்தது எனச் சிலர் கூறக்கூடும். அது ஏற்கத்தக்கதே. அவ்வாறு கொண்டாலும், ஐந்து ஒப்பனை என்னும் பொருள் இச்சொல்லோடு நீங்காமல் ஒட்டியிருந்தது என்ற கருத்து தளர்ந்துவிடுகிறது.

இரண்டாவது, சிலப்பதிகாரக் கடலாடு காதையில் வரும் மாதவியின் ஒப்பனை. பத்துத் துவர், ஐந்து விரை, முப்பத்திரண்டு ஓமாலிகை ஊறிய நீரில் கூந்தலை ஆட்டி, புகையில் உலர்த்தி, அதன்பின் வகைதொறும் கத்தூரிக் குழம்பை ஊட்டியதாக இளங்கோவடிகள் கூறுகிறார். பின்னர் அடி தொடங்கி மேலேறி அணிகள் பூட்டப்படுகின்றன. தலைக்கோலம் இறுதியில்தான் வருகிறது. இவ்வரிசையில் ஒரு நுட்பம் உண்டு. வகை என்பது இங்குக் கூந்தலை முடிப்பதற்கு முன்பே நிகழும் பகுப்பாகும். ஈரம் புலர்ந்த கூந்தலைப் பகுத்துக்கொண்டால்தான் குழம்பு அடிமயிர்வரை சென்று சேரும். அடர்ந்த கூந்தலைக் கையாளும் எவரும் இன்றும் இவ்வாறே செய்கின்றனர். ஆகவே பகுப்பு என்பது முடிந்த கோலத்தின் பெயர் அன்று. வேலையின் ஒரு நிலை என்பதை அறியமுடிகிறது.

மூன்றாவது சான்று எதிர்நிலையிலிருந்து கிடைக்கிறது. அசோகவனத்துச் சீதையை வான்மீகி ஒற்றைப் பின்னல் உடையவளாகக் காட்டுகிறார். காளிதாசரின் மேகதூதத்தில் இயக்கனின் மனைவியும் பிரிவு நாளில் கட்டிய ஒற்றைப் பின்னலோடு காத்திருக்கிறாள். கம்பர் காட்சிப் படலத்தில் சீதையின் கூந்தற் கற்றை திரண்டு ஒரே சடையாகிவிட்டதைப் பாடுகிறார். ஒன்றாதல் பிரிவின் அடையாளம் எனின், பலவாகப் பகுபடுதல் கூடி வாழும் வாழ்வின் அடையாளம் ஆகிறது. கூந்தலைப் பகுப்பதற்குச் சீப்பும் நெய்யும் நேரமும் வேண்டும். பெரும்பாலும் இன்னொருத்தியின் கையும் வேண்டும். காப்பியங்களில் ஒப்பனை செய்யும் வண்ணமகள் இடம்பெறுவது இதனால்தான். பிரிவில் இவை அனைத்தும் கைவிடப்படுகின்றன. இந்நோக்கில் ஐம்பால் என்னும் சொல் அழகை மட்டுமன்றிப் பேணப்பட்ட நிலையையும் சுட்டுகிறது எனலாம்.

உரோமானியச் சான்று தரும் பாடம்

இதனோடு ஒப்பிடத்தக்க ஆய்வு ஒன்று உரோமானியத் துறையில் நிகழ்ந்துள்ளது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த சிகையலங்காரக் கலைஞர் ஜானெட் ஸ்டீபன்ஸ், அந்நகரின் வால்டர்ஸ் கலை அருங்காட்சியகத்தில் பேரரசி யூலியா தோம்னாவின் மார்பளவுச் சிலையைக் கண்டார். சிலையின் பின்புறத்தைக் காண நேர்ந்தபோது, அக்கோலத்தைத் தம் கையால் கட்டிப் பார்க்க விரும்பினார். கொண்டை ஊசியைக் கொண்டு முயன்றபோது அது நிற்கவில்லை. அகூஸ் என்னும் இலத்தீன் சொல் கொண்டை ஊசியையும் தையல் ஊசியையும் குறிப்பது. கூந்தல் பற்றிய இடங்களில் அறிஞர்கள் அதனைக் கொண்டை ஊசி என்றே மொழிபெயர்த்து வந்தனர். ஸ்டீபன்ஸ் அதனைத் தையல் ஊசியாகக் கொண்டு, பின்னல்களை நூலால் தைத்துக் காட்டினார். கோலம் நின்றது. அவரது கட்டுரை 2008இல் உரோமானியத் தொல்லியல் ஆய்விதழில் வெளிவந்தது.

நமக்கு இன்னும் நெருக்கமானது அவர் 2013இல் முன்வைத்த மீட்டுருவாக்கமாகும். வெஸ்தா கோயிலின் கன்னிப் பூசாரியரும் மணப்பெண்களும் பூண்ட சேனி கிரினேஸ் என்னும் பழங்கோலத்தை ஃபெஸ்தஸ் தம் அகராதியில் குறிப்பிடுகிறார். சேனி என்பது ஆறு என்னும் எண்ணைச் சார்ந்த சொல். ஆறு என்பது எவற்றைக் குறிக்கிறது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஸ்டீபன்ஸ் ஆறு பின்னல்களை அடிப்படையாகக் கொண்டு அக்கோலத்தைக் கட்டிக் காட்டினார். எண்ணுப் பெயர் ஒன்று, அதனைச் சொல்லும் அகராதி ஒன்று, பொருள் குறித்த கருத்து வேறுபாடு ஒன்று என ஐம்பாலின் நிலையே அங்கும் காணப்படுகிறது. வேறுபாடு யாதெனில், அங்குச் சொல் கைக்குச் சென்று சோதிக்கப்பட்டது. இங்குச் சொல் பட்டியலிலேயே தங்கிவிட்டது.

இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. கையால் செய்ய இயல்கிறது என்பதனாலேயே அக்காலத்தில் அவ்வாறுதான் செய்தனர் என்று ஆகாது. ஆயினும் செய்ய இயலாத விளக்கத்தை விலக்குவதற்கு இதைவிடச் சிறந்த வழி இல்லை.

வழக்காற்றில் எண்

நம் வழக்காற்றிலும் இதற்கு இடமுண்டு. மூன்றுகால் பின்னல், நாலுகால் பின்னல், ஐந்துகால் பின்னல் என்பன இன்றும் வழங்குகின்றன. கால் என்பது பின்னுவதற்காகப் பகுத்துக்கொண்ட மயிர்க்கற்றை. எண்ணும் பகுப்புச் சொல்லும் சேர்ந்து முழுக் கோலத்திற்கும் பெயராகும் இவ்வமைப்பு ஐம்பால் என்னும் சொல்லாக்கத்தை ஒத்திருக்கிறது. இதனைக் கொண்டு ஐம்பால் என்பது ஐந்துகால் பின்னலே என முடிவுகட்டுவது பொருந்தாது. ஆயிரங்கால் சடை என்னும் பெயரும் வழக்கில் உண்டு. அதில் ஆயிரம் கற்றைகள் இல்லை. எண் சில இடங்களில் அளவைச் சொல்லும். சில இடங்களில் மிகுதியை மட்டுமே சொல்லும். ஐம்பாலில் உள்ள ஐந்து எத்தகையது என்பது திறந்த வினாவாகவே இருக்கட்டும். அந்த எண்ணை நிரப்புவதற்காக ஐந்து பெயர்களைத் தேடியது பிற்காலத்தார் செயல் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது. பட்டியல்கள் வேறுபடுவதற்கும் இதுவே காரணமாகலாம்.

இதனால் நச்சினார்க்கினியரின் உரை பயனற்றது என்று கருதலாகாது. அவர் தம் காலத்து மகளிர் கோலங்களின் பெயர்களை நமக்குக் காத்துத் தந்துள்ளார். அவ்வுரையைச் சங்ககாலத்திற்குச் சான்றாகக் கொள்வதைவிட, உரைகாலத்திற்குச் சான்றாகக் கொள்வதே அதற்குச் செய்யும் மதிப்பாகும்.

மேடையும் திரையும்

மீட்டுருவாக்கம் என்பது இன்று ஏட்டளவில் நிற்பதன்று. நாட்டிய நாடகங்களும் திரைப்படங்களும் பழங்காலப் பெண்ணை உருவாக்கிக்கொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் அவை கால வேறுபாட்டைக் கருதுவதில்லை. கொண்டை என்றவுடன் திருவில்லிப்புத்தூர் ஆண்டாளின் பக்கக் கொண்டை நினைவுக்கு வருகிறது; சடை என்றவுடன் பரதநாட்டியத்தின் இராக்கொடியும் சடைநாகமும் குஞ்சலமும் வந்துவிடுகின்றன. இவை ஒவ்வொன்றும் தத்தம் மரபில் பெருமையுடையவை. அவற்றை அப்படியே சங்கத் தலைவியின் தலையில் ஏற்றும்போது ஐம்பால் என்னும் சொல் மறைந்துபோகிறது.

இதன் இழப்பைக் கண்ணகியின் உருவில் தெளிவாகக் காணலாம். 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்டு, 2001இல் அகற்றப்பட்டு, 2006இல் மீண்டும் நிறுவப்பட்ட சிலை, விரிந்த கூந்தலோடு நீதி கேட்கும் கண்ணகியைத் தமிழர் மனத்தில் நிலைபெறச் செய்தது. விரிந்த கூந்தலுக்குப் பொருள் தருவது அது முன்பு முடிந்திருந்தது என்பதே. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூழை விரித்தலைக் காதலின் தொடக்கக் குறிப்புகளுள் ஒன்றாகக் கூறுகிறார். புறநானூறு கணவனை இழந்த மகளிர் கூந்தல் களைவதைப் பாடுகிறது. ஒரே கூந்தல் முடிக்கப்படுவதும் விரிக்கப்படுவதும் களையப்படுவதும் ஒரு பெண்ணின் வாழ்நிலையை ஊர் அறியச் செய்தன. முடிந்த நிலையை அறியாமல் விரிந்த நிலையை மட்டும் காட்டும் மேடை, பாண்டியன் அவையில் நிகழ்ந்ததன் ஒரு பாதியையே காட்டுகிறது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் ஐம்பால் என்பதற்கு வழங்கும் இரு பட்டியல்களும் தம்முள் முரண்படுவதும், பகுப்பு அடிப்படையில் உறுதியற்றிருப்பதும் புலனாகின்றன. குறுந்தொகையும் சிலப்பதிகாரமும் கம்பராமாயணமும் ஐந்து கோலங்கள் என்பதைவிடப் பகுத்துப் பேணப்பட்ட கூந்தல் என்னும் பொருளுக்கே இடமளிக்கின்றன. இம்முடிவை மேலும் உறுதிசெய்யவோ மறுக்கவோ வல்லவர்கள் சொல்லாய்வாளர் மட்டுமல்லர். சிற்பங்களின் முன்புறத்தை மட்டும் படமெடுக்கும் வழக்கத்தை விட்டு அவற்றின் பின்புறத்தையும் பதிவு செய்தல் வேண்டும். மணப்பெண்ணுக்குச் சடை தைக்கும் பெண்களையும், கோயில் திருமேனிகளுக்குக் கொண்டை சாத்துவோரையும், சவுரி முடிவோரையும் ஆய்வின் துணைவர்களாகக் கொள்ளுதல் வேண்டும். வண்ணமகளின் பெயரைக் காப்பியங்கள் காத்தன. அவளது கைத்திறனைப் பற்றி உரைகள் அதிகம் பேசவில்லை. அத்திறன் இன்னும் சிலரது விரல்களில் எஞ்சியிருக்கிறது. அவர்களிடம் கேட்டறிந்தபின் ஐம்பாலுக்கு எழுதப்படும் உரையே நிறைவான உரையாக அமையும்.