மூலபாடமும் மறுபதிப்பும்: டெஃப்டோன்ஸ் குழுவின் 'ஒயிட் போனி' இசைத்தொகுப்பு உருவான முறை

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க மாற்று மெட்டல் இசைக்குழுவான டெஃப்டோன்ஸின் மூன்றாவது இசைத்தொகுப்பு 'ஒயிட் போனி'. இது 2000-ஆம் ஆண்டில் இரு முதன்மை வடிவங்களில் வெளிவந்தது. சூன் மாதப் பதிப்பு 11 பாடல்களைக் கொண்டது. அக்டோபர் மாத மறுபதிப்பில், இசைத்தட்டு நிறுவனத்தின் வற்புறுத்தலால் உருவான ஒரு பாடல் தொகுப்பின் தொடக்கத்தில் சேர்க்கப்பட்டது. இத்தொகுப்பு உருவான முறையையும் இரு பதிப்புகளின் வைப்புமுறையையும் ஒப்பிட்டு, எப்பதிப்பைத் திறனாய்வுக்குரிய மூலபாடமாகக் கொள்வது என்னும் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மாற்று மெட்டல், டெஃப்டோன்ஸ், இசைத்தொகுப்பு, மூலபாடம், வைப்புமுறை, இடைச்செருகல்

முன்னுரை

ஒரு நூல் பல பதிப்புகளாகக் கிடைக்கும்போது எதை அடிப்படையாகக் கொள்வது என்பது பதிப்பாய்வின் முதல் வினா. பாடவேறுபாடு, இடைச்செருகல், வைப்புமுறை ஆகிய கருத்தாக்கங்கள் அவ்வினாவிலிருந்து கிளைத்தவையே. அச்சு நூலுக்கும் ஏட்டுச் சுவடிக்கும் பயன்படுத்தப்படும் இந்த அளவுகோலை ஒலிப்பதிவு செய்யப்பட்ட இசைத்தொகுப்புக்குப் பயன்படுத்துவோர் குறைவு. இசைத்தொகுப்பு இயந்திரத்தால் படியெடுக்கப்படுவதால் அதில் பாடவேறுபாட்டுக்கு இடமில்லை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். அவ்வெண்ணம் பிழையானது என்பதை 'ஒயிட் போனி' தெளிவாகக் காட்டுகிறது.

குழுவும் காலச்சூழலும்

டெஃப்டோன்ஸ் கலிஃபோர்னியா மாநிலத்தின் சாக்ரமெண்டோ நகரில் 1988-இல் தோன்றிய குழு. 'அட்ரினலின்' (1995), 'அரவுண்ட் தி ஃபர்' (1997) ஆகிய முதலிரு தொகுப்புகளிலும் கித்தாரின் கனத்த ஒலியும், ராப் இசையை ஒட்டிய வேகமான சொற்பொழிவும், அலறலும் மேலோங்கியிருந்தன. இக்கூறுகளால் இக்குழு 'நு மெட்டல்' எனப்பட்ட போக்கின் முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

1998 முதல் 2000 வரையிலான காலம் அப்போக்கின் வணிக உச்சம் எனலாம். கார்ன் குழுவின் 'ஃபாலோ தி லீடர்' 1998-இலும், லிம்ப் பிஸ்கிட் குழுவின் 'சிக்னிஃபிகன்ட் அதர்' 1999-இலும், பாப்பா ரோச் குழுவின் 'இன்ஃபெஸ்ட்' 2000-இலும் வெளிவந்து பெருந்தொகையாக விற்பனையாயின. இத்தகைய சந்தையில், அப்போக்கு உருவாகத் துணைநின்ற ஒரு குழு அதிலிருந்து விலகிச் செல்ல முனைந்ததே 'ஒயிட் போனி'யின் தொடக்கப் புள்ளி.

ஒலிப்பதிவும் உள்முரணும்

ஒலிப்பதிவு 1999-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சாசலிட்டோவில் உள்ள 'தி பிளான்ட்', மேற்கு ஹாலிவுட்டில் உள்ள 'லாரபீ' ஆகிய கூடங்களில் நடைபெற்றது. முதலிரு தொகுப்புகளைத் தயாரித்த டெர்ரி டேட் இதனையும் குழுவினரோடு இணைந்து தயாரித்தார். பான்டெராவின் 'வல்கர் டிஸ்ப்ளே ஆஃப் பவர்', சவுண்ட்கார்டனின் 'பேட்மோட்டர்ஃபிங்கர்' ஆகிய தொகுப்புகளின் வழி, கனத்த கித்தார் ஒலியைத் தெளிவு குன்றாமல் பதிவு செய்வதில் பெயர் பெற்றவர் இவர். எனவே இத்தொகுப்பில் நேர்ந்த மாற்றத்தைத் தயாரிப்பாளர் மாறியதன் விளைவாகக் கருத இயலாது. மாற்றத்தின் காரணத்தைக் குழுவின் உள்ளேயே தேட வேண்டும்.

அவ்வாறு தேடும்போது இரண்டு செய்திகள் முதன்மை பெறுகின்றன. ஒன்று, முந்தைய தொகுப்புகளில் விருந்தினராகப் பங்கேற்ற ஃபிராங்க் டெல்காடோ இத்தொகுப்பில் முழு உறுப்பினரானது. நு மெட்டல் குழுக்களில் இசைத்தட்டைத் தேய்த்து எழுப்பும் ஒலி பெரும்பாலும் ராப் இசையின் அடையாளமாகவே வைக்கப்படும். டெல்காடோவோ மாதிரி ஒலிகளையும் மின்னணு ஓசைகளையும் கித்தாருக்குப் பின்னே மங்கலான திரைபோலப் பரப்பினார். மற்றொன்று, அதுவரை பாடகராக மட்டுமே விளங்கிய சீனோ மொரேனோ கித்தார் இசைக்கவும் தொடங்கியது. த்ராஷ் மெட்டல் இசையில் ஊறிய கித்தார் கலைஞர் ஸ்டீஃபன் கார்பென்டருக்கும், தி க்யூர், டெபெஷ் மோட் போன்ற ஆங்கிலேயக் குழுக்களின் மெல்லிருள் இசையில் ஈடுபாடு கொண்ட மொரேனோவுக்கும் இதனால் உரசல் எழுந்தது. இதனை அவர்கள் பிற்காலப் பேட்டிகளில் மறைக்கவில்லை.

இவ்வுரசல் தீர்க்கப்படாமலேயே பாடல்களின் அமைப்பாக மாறியது என்பதே இங்குக் கருதத்தக்கது. 'டிஜிட்டல் பாத்' பாடலில் ஏப் கன்னிங்ஹாமின் தாளம் மென்மையாகத் தொடங்க, குரல் ஏறத்தாழ முணுமுணுப்பாக ஒலிக்கிறது. பல்லவியில் கார்பென்டரின் கித்தார் பேரலையாக எழும்போதும் குரல் அலறலாக மாறுவதில்லை. கித்தார் கனக்கக் கனக்கக் குரல் மேலும் நெகிழ்கிறது. இசைக்கருவி சினத்தையும் குரல் மயக்கத்தையும் ஏற்கும் இந்த எதிர்நிலை, ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுத்திருந்தால் பிறந்திருக்காது. சீ செங்கின் பேஸ் கித்தார் இவ்விரு துருவங்களுக்கும் இடையே பாடலைத் தாங்கி நிற்கிறது.

பாடுபொருள் மாற்றம்

முந்தைய பாடல்களில் மொரேனோவின் 'நான்' பெரும்பாலும் பாடகரையே சுட்டியது. இத்தொகுப்பில் அந்த 'நான்' கதைமாந்தரின் கூற்றாக மாறுகிறது. போர்த்துக்கீசிய மொழியில் சூனியக்காரி எனப் பொருள்படும் 'ஃபெய்ட்டிசேரா' கடத்திச் செல்லப்பட்ட ஒருவரின் கூற்றாக அமைகிறது. 'டிஜிட்டல் பாத்' மென்மையான இசைக்குள் ஒரு கொலைக் கற்பனையை ஒளித்து வைத்துள்ளது. 'சேஞ்ச்' மனிதர் ஒருவர் ஈயாக உருமாறுவதைப் படிமமாக்குகிறது. 'பாசஞ்சர்' பாடலில் டூல் குழுவின் மேனார்ட் ஜேம்ஸ் கீனனும் மொரேனோவும் மாறி மாறிப் பாடுவதால், கூற்று யாருடையது என்பதே ஐயத்திற்குரியதாகிறது. 'நைஃப் பார்ட்டி'யில் ராட்லீன் கெட்சிக்கின் குரல் சொற்களைத் துறந்து ஓலமாக மட்டும் உயர்கிறது.

தன் துயரை நேரே முறையிடும் இளைஞன் என்பதே அக்கால நு மெட்டல் பாடல்களின் வழக்கமான கூற்றாளன். அவ்வழக்கத்தைக் கைவிட்டதில்தான் 'ஒயிட் போனி'யின் தனித்தன்மை புலப்படுகிறது. ஆங்கிலக் கொச்சை வழக்கில் கொக்கெய்ன் போதைப்பொருளையும் சுட்டும் தொகுப்பின் தலைப்பு, வெள்ளைக் குதிரைக்குட்டி என்னும் நேர்ப்பொருளோடு பிறபொருளுக்கும் இடமளித்து நிற்பது இம்மாற்றத்திற்கு இயைந்ததே.

முதற்பதிப்பின் வைப்புமுறை

2000 சூன் 20 அன்று மேவரிக் நிறுவனத்தின்வழி வெளியான பதிப்பில் 11 பாடல்கள் இடம்பெற்றன. இவ்வரிசையை உற்றுநோக்கினால், ஆறாம் பாடலான 'டீன்ஏஜர்' தொகுப்பின் நட்ட நடுவில் நிற்பது தெரியவரும். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து பாடல்கள் உள்ளன. மொரேனோவின் 'டீம் ஸ்லீப்' என்னும் துணைக்குழுவுக்கென முதலில் கருதப்பட்ட இப்பாடலில் கனத்த கித்தார் அறவே இல்லை. மின்னிணைப்பற்ற கித்தாரும் மின்னணுத் தாளமும் மெல்லிய குரலுமே உள்ளன. மெட்டல் தொகுப்பு ஒன்றின் மையத்தில் மெட்டல் இல்லாத பாடல் அமர்ந்திருப்பது திட்டமிட்டதாயினும் தற்செயலாயினும், கேட்போருக்கு அது தொகுப்பின் அச்சாகவே அமைகிறது.

'ஃபெய்ட்டிசேரா' எந்த முன்னறிவிப்புமின்றிக் கதையின் நடுவே கேட்போரை இறக்கிவிடுகிறது. இறுதிப் பாடலான 'பிங்க் மேகட்' ஏழரை நிமிட அளவில் மிக மெதுவாக விரிகிறது. தனித்த கித்தாரும் தொலைவிலிருந்து ஒலிப்பது போன்ற குரலும் நெடுநேரம் நீடித்த பின்னரே முழுக்குழுவும் சேர்கிறது. பத்துப் பாடல்களைக் கடந்து வந்த செவிக்கே அந்தத் தாமதம் பொருள்படும். சிறப்புப் படிகள் சிலவற்றில் 'தி பாய்ஸ் ரிபப்ளிக்' என்னும் பாடல் பன்னிரண்டாவதாக இணைக்கப்பட்டது. அது பின்னிணைப்பாக நிற்பதால் ஏனைய பாடல்களின் வரிசையைக் குலைக்கவில்லை.

மறுபதிப்பும் புதிய முதற்பாடலும்

முதற்பதிப்பு வணிகத் தோல்வி அடையவில்லை. முதல் வாரத்தில் ஏறத்தாழ 1,78,000 படிகள் விற்பனையாகி, பில்போர்டு 200 பட்டியலில் மூன்றாம் இடத்தில் நுழைந்தது. ஆயினும், ராப் சாயல் கொண்ட, வானொலிக்கு ஏற்ற பாடல் ஒன்று தேவை என நிறுவனம் கருதியது. அத்தகைய பாடலை ஆக்குவது எத்துணை எளிது என்று காட்டவே, மிகக் குறுகிய நேரத்தில் 'பிங்க் மேகட்' பாடலின் பகுதியை எடுத்து 'பேக் டு ஸ்கூல் (மினி மேகட்)' பாடலை அமைத்ததாக மொரேனோ பின்னர்க் கூறியுள்ளார். அச்செயலுக்காக வருந்தியும் உள்ளார். 2000 அக்டோபர் 3 அன்று வெளியான மறுபதிப்பில், சாம்பல்நிற அட்டை வெண்ணிறமாக மாற்றப்பட்டு, இப்பாடல் முதலிடத்தில் வைக்கப்பட்டது.

இதன் விளைவுகள் மூன்று. முதலாவதாக, ஏழரை நிமிடத்தில் மெல்ல விரிந்த பாடல் ஏறத்தாழ நான்கு நிமிடமாகச் சுருங்கி, குழு விட்டு விலகிய ராப் நடைக்கே திரும்பியது. இரண்டாவதாக, முடிவில் வரவேண்டியது தொடக்கத்தில் ஒலித்துவிடுகிறது. மறுபதிப்பை வரிசையாகக் கேட்பவருக்கு 'பிங்க் மேகட்' முன்பே அறிந்த பல்லவியின் நீண்ட மறுகூற்றாகத் தோன்றுகிறது. அதன் தாமதம் பொருளிழக்கிறது. மூன்றாவதாக, 'டீன்ஏஜர்' மையத்திலிருந்து நகர்ந்து ஏழாமிடம் பெறுகிறது. ஒரு பாடல் கூடியதால் பதினோரு பாடல்களின் உறவும் மாறியது.

இடைச்செருகலா, ஆசிரியர் திருத்தமா?

இப்பாடலை இடைச்செருகல் என ஒதுக்கிவிட இயலுமா என்பது அடுத்த வினா. இடைச்செருகல் என்பது பிறர் கைவண்ணம். 'பேக் டு ஸ்கூல்' பாடலையோ அதே ஐவர்தாம் இயற்றி இசைத்தனர். அதன் கருப்பொருளும் தொகுப்பிலிருந்தே எடுக்கப்பட்டது. அப்பாடலின் வழியே இத்தொகுப்பை வந்தடைந்த கேட்போரின் அனுபவமும் பொய்யன்று. மேலும், தொகுப்பே கருத்து மோதலில் பிறந்தது என ஏற்ற பின்னர், நிறுவனத்தோடான மோதலை மட்டும் தூய்மைக்குக் கேடு என்பது முரணாகத் தோன்றலாம்.

ஆனால் இரு மோதல்களும் ஒருதன்மையன அல்ல. கார்பென்டர், மொரேனோ இருவருக்கும் இடையிலான மோதல் பாடலுக்குள் நிகழ்ந்தது. அதன் விளைவு, இருவருள் எவரும் தனித்து எண்ணியிராத ஒலிவடிவம். நிறுவனத்தின் அழுத்தமோ முடிந்துவிட்ட படைப்பின் மேல் வெளியிலிருந்து வந்தது. அதன் விளைவு, ஏற்கெனவே சந்தையில் விலைபோன வடிவம். ஆகவே இதனை இடைச்செருகல் என்பதினும் 'கட்டாயத்தின் பேரிலான ஆசிரியர் திருத்தம்' என்பதே பொருந்தும். அத்தகைய திருத்தம் வரலாற்று ஆவணம் என்ற நிலையில் மதிப்புடையது. மூலபாடமாகும் தகுதி அதற்கில்லை.

தொகுப்பின் பிற்கால வரலாறும் இதற்கு அரண் செய்கிறது. 2001-இல் சிறந்த மெட்டல் நிகழ்த்துகைக்கான கிராமி விருதை வென்ற 'எலீட்' முதற்பதிப்பிலேயே இருந்த பாடல். 2020-இல் இருபதாம் ஆண்டு நிறைவையொட்டி வெளியான 'பிளாக் ஸ்டாலியன்' மறுகலவைத் தொகுப்பு 'ஃபெய்ட்டிசேரா'வில் தொடங்கி 'பிங்க் மேகட்'டில் முடிகிறது. அதில் 'பேக் டு ஸ்கூல்' இல்லை. தி க்யூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் அதில் மறுகலவை செய்த பாடல், மையத்தில் நிற்கும் 'டீன்ஏஜர்'. எனினும், இதனை ஐவரின் இறுதி முடிவு எனக் கொள்ள இயலாது. 2008-இல் நேர்ந்த வாகன விபத்திற்குப் பின் மீளாமல் சீ செங் 2013-இல் மறைந்தார். எஞ்சிய நால்வரின் முடிவு ஐவரின் பழைய வரிசையை மீட்டது என்பதே சரியான கூற்றாகும்.

முடிவுரை

'ஒயிட் போனி' உருவான வரலாறு, இசைத்தொகுப்பும் பதிப்பாய்வுக்குரிய பனுவலே என்பதை உணர்த்துகிறது. பாடல்களின் வைப்புமுறை பொருள் தரும் உறுப்பு. அதில் நேரும் சிறு மாற்றமும் முழுமையைப் பாதிக்கிறது. 11 பாடல்கள் கொண்ட சூன் மாதப் பதிப்பையே மூலபாடமாகக் கொண்டு, மறுபதிப்பைப் பாடவேறுபாடாகக் குறிப்பது திறனாய்வுக்கு ஏற்ற முறையாகும். எப்பதிப்பு என்னும் குறிப்பின்றி இத்தொகுப்பின் தொடக்கம், மையம், முடிவு பற்றிக் கூறப்படும் எந்தக் கருத்தும் உறுதியற்றதாகவே அமையும். இசைத்தொகுப்புகளை ஆராய்வோர் பாடல்களுக்குச் செவிகொடுக்கும் முன், தம் கையிலுள்ளது எவர் விருப்பத்தால் அமைந்த வரிசை என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.