மேயோ நினைவுச் சாளரம்: ஒரு மதிப்பீடு

கொல்கத்தா புனித பவுல் பேராலயத்தின் மேற்குச் சுவரிலுள்ள பெரிய வண்ணக் கண்ணாடிச் சாளரம், வைசிராய் மேயோ பிரபுவின் நினைவாக அமைக்கப்பட்டது. எட்வர்ட் பர்ன்-ஜோன்ஸ் 1880இல் இதை வடிவமைத்தார். வில்லியம் மாரிஸின் நிறுவனம் கண்ணாடியில் செய்து தந்தது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் சிற்றூர்த் தேவாலயங்களில்கூட இறந்தவர் பெயரால் சாளரம் வைக்கும் வழக்கம் பரவியிருந்தது. கப்பலேறி இந்தியா வந்த அவ்வழக்கத்தின் சிறந்த சான்று இதுவே என்பது என் கருத்து.

அக்காலச் சாளரங்கள் பலவும் எண்ணெய் ஓவியத்தைக் கண்ணாடியில் நகலெடுத்தவை போலிருக்கும். முகத்தில் நிழல், ஆடையில் மடிப்பு என்று சாயத்தைப் பூசிப் பூசி ஒளியையே அடைத்துவிடுவார்கள். பர்ன்-ஜோன்ஸின் வழி வேறு. கண்ணாடி உருகும்போதே உலோக ஆக்சைடு சேர்த்தால் நிறம் உள்ளே ஊறிவிடும்; கோபால்ட் சேர்த்தால் நீலம் கிடைக்கும். அத்தகைய துண்டுகளை வெட்டி, ஈயப் பட்டைகளால் இணைப்பார்கள். அந்தக் கருங்கோட்டை மறைக்க வேண்டிய தையலாக அவர் நினைக்கவில்லை. சித்திரத்தின் கோடாகவே ஆக்கிக்கொண்டார். மேற்குச் சாளரம் என்பதால் பிற்பகலில்தான் பார்க்க வேண்டும். காலையில் போய்விட்டு ஏமாந்தேன் என்று சொல்லக்கூடாது!

கலையில் குறை காண முடியாத எனக்கு, நினைவுகூரலில்தான் நெருடல். 1872 பிப்ரவரி 8 அன்று அந்தமான் கைதிகள் குடியேற்றத்தைப் பார்வையிட்ட மேயோ, ஹாரியட் மலையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இருட்டில் படகுத்துறைக்கு இறங்கி வந்தார். அங்கே ஷேர் அலி அப்ரிதி என்ற கைதி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். ஷேர் அலி மார்ச் 11 அன்று வைப்பர் தீவில் தூக்கிலிடப்பட்டார்.

நினைவுச் சாளரத்தில் பொதுவாக விவிலிய உருவங்களே இடம்பெறும். இறந்தவருக்கு ஒரு பெயர்ப் பொறிப்பு, அவ்வளவுதான். அடக்கமான மரபு போலத் தோன்றும். ஆனால் தண்டனைத் தீவில் நடந்த ஒரு கொலையை அது புனிதச் சாவாக்கிவிடுகிறது. அங்கே அடைபட்டிருந்தவர்களுக்கு அந்த ஒளியில் இடமில்லை.

பளிங்கு இப்படி நழுவுவதில்லை. ஊரப்பாக்கத்திலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில், 1826இல் திருச்சியில் இறந்த பேராயர் ஹீபருக்குச் சான்ட்ரி செதுக்கிய சிற்பம் இருக்கிறது. ஹீபர் யார், இங்கே என்ன செய்தார் என்பதைக் கல்லே சொல்லிவிடும். அவர்முன் திடப்படுத்தல் பெறும் இரண்டு இந்தியர்களும் அதில் இருக்கிறார்கள், பெயர் இல்லாமல்.