பின்னால் வருபவருக்கான வழி

மலைபடுகடாத்தில் ஓர் இடம். நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், இனிமேல் அங்கே போகவிருக்கும் கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்லிக்கொண்டிருக்கிறான். காட்டுப்பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், எந்தப் பாறை பாசி படர்ந்து வழுக்கும், தினைப்புனம் காப்பவர்கள் யானையை விரட்ட எறியும் கவண்கல் எப்படி வந்து விழும், பாம்பு ஒடுங்கிய குழிகளை எப்படிக் கடப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி வருகிறான். வழிகள் கூடிப் பிரியும் காட்டுச் சந்தி ஒன்று வந்ததும் அவன் பேச்சு வேறு திசைக்குத் திரும்புகிறது. அங்கே தரையைத் துடைத்து, புல்லை முடிந்து அடையாளமாக இட்டுவிட்டுப் போங்கள் என்கிறான். அந்த முடிச்சால் இந்தக் கூத்தர்களுக்கு ஒரு பயனும் இல்லை. அவர்களுக்கு வழி தெரிந்தாயிற்று. பின்னால் வருபவர்கள் அறிவதற்காக என்று நச்சினார்க்கினியர் உரை தெளிவாகவே சொல்கிறது.

அறவாழ்வையும் ஆன்மிக வாழ்வையும் வழியாகக் காணும் உருவகம் உலகில் பரவலானது. ஜார்ஜ் லேக்காஃபும் மார்க் ஜான்சனும் 1980இல் எழுதிய புகழ்பெற்ற நூலுக்குப் பிறகு, வாழ்க்கை ஒரு பயணம் என்ற உருவகம் மொழியியல் வகுப்புகளில் பாலபாடமாகிவிட்டது. பயணி ஒருவன், அவனுக்கு ஓர் இலக்கு, நடுவே தடைகள் என்று அந்தச் சட்டகம் அமைகிறது. தமிழ் நூல்களையும் நம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதே சட்டகத்தில் வைத்துத்தான் படித்திருக்கிறார்கள். வீடுபேறு இலக்கு, வினை தடை, உயிர் பயணி. அப்படிப் படித்தால் காட்டுச் சந்தியில் முடிந்த அந்தப் புல்லுக்கு எங்கும் இடம் கிடைப்பதில்லை. தமிழின் வழி உருவகத்தில் அறத்தின் எடை, போய்ச் சேர்பவனைவிட அதிகமாக, அவன் விட்டுச்செல்லும் பாதையின் மேல்தான் விழுகிறது என்று நான் நினைக்கிறேன். இந்தக் கட்டுரை அந்த எண்ணத்தோடு சில நூல்களைப் பார்க்கிறது.

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. உ.வே.சா. 1889இல் நச்சினார்க்கினியர் உரையோடு அதைப் பதிப்பித்த பிறகு, இந்த வகைமையைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 1968இல் வெளிவந்த கைலாசபதியின் வீரயுகக் கவிதை ஆய்வு, பாணர்களின் வாய்மொழி மரபையும் புரவலரைச் சார்ந்த அவர்கள் வாழ்க்கையையும் துலக்கியது. அந்த வழியில் வந்தவர்கள் ஆற்றுப்படையைப் புரவலன் புகழாகவும் பொருளாதார உறவாகவும் படித்தார்கள். அது சரிதான், ஆனால் போதாது. பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழி சொல்ல வேண்டும் என்பதைத் தொல்காப்பியம் இந்தத் துறையின் இலக்கணமாகவே வைக்கிறது. கிடைத்ததை மறைக்காமல், போட்டிக்கு ஆள் வருவானே என்று அஞ்சாமல், எதிரே வருபவனை நிறுத்திச் சொல்லும் பண்பு இலக்கண விதியாகியிருக்கிறது. இதை அறவியல் என்று கொள்ளாமல் வேறு எதை அறவியல் என்பது?

அந்த வழி பசியிலிருந்து புறப்படுகிறது என்பதும் முக்கியம். சிறுபாணாற்றுப்படையில் வழி சொல்பவன் தன் பழைய வீட்டை மறைக்கவில்லை. காளான் பூத்த அடுக்களையில் குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. மனைவி குப்பைக்கீரையைப் பறித்து உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துவிட்டு உண்கிறாள். ‘உன்னைப் போலத்தான் நானும் இருந்தேன்’ என்று சொல்ல முடிந்தவனே வழிகாட்டி. இந்த வடிவத்தை முருகனை நோக்கித் திருப்பிய நக்கீரர் பரிசிலின் இடத்தில் வீடுபேற்றை வைத்தார். பிற ஆற்றுப்படைகள் வழிகேட்கும் பொருநனின், பாணனின் பெயரால் வழங்க, நக்கீரரின் பாட்டு மட்டும் சென்றடையும் முருகன் பெயரால் வழங்குகிறது. இலக்கின் மேல் வெளிச்சம் விழத் தொடங்கியது இங்கேதான் என்று தோன்றுகிறது. பத்துப்பாட்டின் முதற்பாட்டாக உள்ள அது பதினோராந் திருமுறையிலும் சேர்ந்து இன்று பாராயண நூலாக வாழ்கிறது.

சிலப்பதிகாரத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். வழியை அறமாக இவ்வளவு ஆழமாக எண்ணிப் பார்த்த வேறொரு தமிழ் நூலை நான் அறியேன். புகாரிலிருந்து கோவலனும் கண்ணகியும் புறப்படும்போது சமணத் துறவியான கவுந்தி அடிகள் துணை வருகிறார். மருத நிலத்து வழியில் என்ன இடர் உண்டென்று அவரும் சொல்கிறார். மலைபடுகடாத்துக் கூத்தனைப் போல அவரும் பூ மூடிய குழிகளைப் பற்றி எச்சரிக்கிறார். ஆனால் அவர் பேச்சு அங்கே நிற்பதில்லை. வயல் கரையில் கவனமில்லாமல் நடந்தால் காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கும், அந்தத் துன்பம் நம்மால் தாங்க முடியாதது என்கிறார். கரும்பில் கட்டிய தேனிறால் உடைந்து பொய்கையில் கலந்திருக்கும், தாகத்தில் தெரியாமல் அந்த நீரைக் குடித்துவிடக் கூடும் என்கிறார். தேன் உண்பது சமணருக்கு விலக்கு. நடப்பவனுக்கு வழியால் வரும் ஆபத்தைக் கூத்தன் சொன்னான். வழிக்கு நடப்பவனால் வரும் ஆபத்தைக் கவுந்தி சொல்கிறார். வழி உருவகத்துக்குத் தமிழ்ச் சமணம் தந்த கொடைகளில் இதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன்.

பிறகு காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் வருகிறான். மதுரைக்கு மூன்று வழி பிரியும் இடத்தைச் சொல்கிறான். வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிப் போகிறது. இடப்பக்கத்தது திருமால்குன்றத்து வழி. அங்கே ஒரு பிலமும் மூன்று பொய்கைகளும் உண்டு. ஒன்றில் மூழ்கினால் ஐந்திர இலக்கணம் கைவரும், ஒன்றில் பழம்பிறப்பு தெரியும், ஒன்றில் நினைத்ததெல்லாம் கிடைக்கும். நடுவே போவது எளிய வழி, ஆனால் கானுறை தெய்வம் ஒன்று மயக்கும். கவுந்தி அந்தப் பொய்கைகளை மறுத்துவிடுகிறார். பொய் சொல்லாமல், உயிர்களைக் காத்து நடப்பவர்களுக்கு அடைய முடியாத பொருள் எது என்று கேட்டு, அவனை அவன் வழியே அனுப்பிவிட்டுத் தம் வழியில் செல்கிறார். இதைச் சமணத்தின் வாத வெற்றியாக மட்டும் படிப்பது வழக்கம். கதை அதைவிட நுட்பமானது. நடுவழியில் போகும்போது மாதவியின் தோழி வசந்தமாலையின் உருவில் அந்தத் தெய்வம் கோவலன் முன் வந்து நிற்கிறது. மறையோன் முன்பே எச்சரித்தது நினைவுக்கு வர, கோவலன் மந்திரம் சொல்லித் தப்பிக்கிறான். சமயத்தால் வேறுபட்டு, வாதத்தில் மறுக்கப்பட்ட ஒருவனின் சொல்தான் அங்கே அவனைக் காக்கிறது. வழி சொன்னவனின் கொள்கையை ஏற்காமலும் அவன் சொன்ன தகவலை நன்றியோடு கொள்ளலாம் என்று இளங்கோ காட்டிவிடுகிறார்.

இத்தனை கவனமாக நடந்து போய்ச் சேர்ந்த இடத்தில்தான் கோவலன் வெட்டுண்டு இறக்கிறான். நல்ல வழி நல்ல முடிவைத் தரும் என்ற உறுதியை இந்தக் காப்பியம் யாருக்கும் தருவதில்லை. இலக்கை வைத்து வழியை அளப்பவர்களுக்கு இது பெரிய இடறல். கவுந்தியோ கோவலன் இறந்த செய்தி கேட்டு உண்ணாநோன்பிருந்து உயிர்விடுகிறார். துணை வந்தவருக்கும் முடிவில் பங்கு உண்டு.

பௌத்தம் வழிகாட்டியின் பொறுப்புக்கு ஓர் எல்லை வகுக்கிறது. இராசகிருகத்துக்கு வழி கேட்ட இருவரில் ஒருவன் சரியாகப் போய்ச் சேர்கிறான், மற்றவன் திசைமாறிப் போகிறான். வழி சொன்னவர் அதற்கு என்ன செய்ய முடியும் என்று பாலி சுத்தம் ஒன்றில் புத்தர் கேட்கிறார். இன்னொரு சுத்தத்தில், காட்டில் மறைந்துபோன பழைய பாதை ஒன்றைக் கண்டு, அதன் வழியே பழைய நகரத்தை அடைந்தவனாகத் தம்மைச் சொல்லிக்கொள்கிறார். பாதையைத் தாம் புதிதாகப் போடவில்லை என்பது அதன் பொருள். பவுலா ரிச்மன் 1988இலும் ஆன் மோனியஸ் 2001இலும் வெளியிட்ட ஆய்வுகள் மணிமேகலையைத் தமிழ்ப் பௌத்தத்தின் நூலாக மீண்டும் கவனிக்க வைத்தன. என் கவனத்துக்கு வருவது வேறொன்று: அறவண அடிகளிடம் முழு அறம் கேட்கும் முன்பே மணிமேகலை கையில் அமுதசுரபி வந்துவிடுகிறது. சோறிட்டுவிட்டுத்தான் அவள் தத்துவத்துக்குப் போகிறாள்.

சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற நான்கு நெறிகளை நால்வரோடு பொருத்திச் சொல்வது மரபு. பாடப்புத்தகங்கள் இதை ஏணிப்படியாக வரைகின்றன. சரியை கீழ்ப்படி, தாச மார்க்கம், அப்பர் அதற்கு எடுத்துக்காட்டு. ஆனால் அப்பர் கையில் இருந்த கருவியைப் பாருங்கள். உழவாரம், பிறர் நடக்கும் கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் படை. கயிலைக்கு நடந்து, கால் தேய்ந்து, தவழ்ந்து, உருண்டும் போக முடியாமல் கிடந்தவரை இறைவன் பொய்கையில் மூழ்கச் சொல்லித் திருவையாற்றில் எழச் செய்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். தேடிப் போன மலை திருவையாற்றிலேயே காட்சியாகிறது. அப்பரைப் பார்க்காமலே திங்களூரில் அப்பூதி அடிகள் சாலையும் குளமும் தண்ணீர்ப் பந்தலும் அமைத்து அவற்றுக்குத் திருநாவுக்கரசர் என்று பெயரிட்டார். அடியார் ஒருவரின் பெயரை வழிப்போக்கர் தாகம் தீரும் இடத்தில் எழுதுவதே வழிபாடாகிவிட்டது.

வைணவத்தில் தென்கலையார் நடப்பதையே கேள்விக்குள்ளாக்குகிறார்கள். தாய்ப்பூனை கவ்விச் செல்லும் குட்டிக்கு வழி எதற்கு? அது தனிக் கட்டுரைக்கான பொருள்.

இந்த எண்ணம் ஏட்டில் மட்டும் இருந்ததில்லை. பழைய பெருவழிகளின் ஓரத்தில் இன்றும் சுமைதாங்கிக் கற்கள் நிற்கின்றன. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியது. தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து, மறுபடி தானே தூக்கிக்கொள்ளலாம். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக இவற்றை நடும் வழக்கம் இருந்தது. இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமைக்காக, முகம் தெரியாத ஒருவரின் சுமையை இறக்க வழி செய்தார்கள். இன்று தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடப்பவர்களுக்கு ஊர் ஊராக மோர் கொடுப்பவர்கள் செய்வதும் இந்த வேலைதான். வாலண்டைன் டேனியல் சபரிமலை யாத்திரிகர்களோடு தானும் நடந்து 1984இல் எழுதிய நூல், நடப்பவனின் உடம்பு வலியில் ‘நான்’ எப்படிக் கரைகிறது என்பதை நுட்பமாகச் சொன்னது. வழியோரத்தில் நின்று தண்ணீர் கொடுப்பவரின் ‘நான்’ பற்றியும் அதே நுட்பத்தோடு எழுதப்பட வேண்டும்.

வள்ளலாரிடம் வழியும் பசியும் மீண்டும் ஒன்றாகின்றன. நால்வகை மார்க்கங்களில் கடைசியான சன்மார்க்கத்தை அவர் ஞானியரின் உச்சியிலிருந்து இறக்கி, 1865இல் எல்லோருக்குமான சங்கத்தின் பெயராக்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அவருடைய நெறியின் தத்துவத்தை எழுதுகிறவர்கள் மரணமிலாப் பெருவாழ்வுக்கு அத்தியாயம் அத்தியாயமாக ஒதுக்கிவிட்டு அடுப்புக்கு ஒரு பத்தி தருகிறார்கள். அந்த அளவு தலைகீழாக வேண்டும்.

தமிழில் தனிப் பயணியின் காப்பியம் ஒன்றும் உண்டு. ஜான் பன்யன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவி எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வந்தது. பன்யனின் நாயகன் மனைவி மக்களின் குரல் கேட்காதபடி காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் கிறித்தவம் தழுவிய கிருஷ்ணபிள்ளைக்கு அந்த ஓட்டத்தின் வலி படித்துத் தெரிந்ததல்ல. ஆனால் அவர் அதைப் பாடியது கம்பன் நடந்த விருத்தப் பாதையில். விட்டுவந்த வீட்டின் தமிழைக் கையோடு எடுத்துக்கொண்டு போன யாத்திரை அது.

இவ்வளவு சொன்ன பிறகும் வழி உருவகத்தின் இருண்ட பக்கம் மிச்சம் இருக்கிறது. ‘எல்லோரும் வாருங்கள்’ என்று அழைக்கும் பாதையில் எல்லோரும் கால் வைக்க முடிந்ததா? திருக்குறளின் 37ஆம் குறள் பல்லக்கைத் தூக்குபவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் அருகருகே நிறுத்துகிறது. அறத்தின் பயன் இதுவென நூல் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அந்த இருவரைப் பார்த்தாலே போதும் என்பது பரிமேலழகர் கொண்ட பொருள். அவர்களிடையே போய் அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்பது பிற்காலத்தார் சிலர் கொண்ட பொருள். நான் பின்னதன் பக்கம். ஒரே சாலையில் ஒருவன் தோளில் இன்னொருவன் போகும்போது, அதை வினைப்பயன் என்று விளக்குவதைவிட வாயடைத்து நிற்பது நேர்மையானது.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் தில்லையின் எல்லைவரை போய்விடுகிறார். உள்ளே போக முடியாமல் ஊரைச் சுற்றிச் சுற்றி வருகிறார். அவர் பெயரே நடக்க முடியாத வழியின் பெயர். அவர் நெருப்பில் மூழ்கி எழுந்ததைப் பக்தியின் உச்சமாகப் பேசுபவர்கள், அந்த எல்லைக் கோட்டை யார் கிழித்தது என்று அதே மூச்சில் கேட்பது அரிது. 1924 மார்ச் 30 அன்று வைக்கத்தில் தொடங்கிய போராட்டம் கேட்டது கோயிலுக்குள் இடம் அல்ல. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமை. பெரியார் அங்கே போய் இருமுறை சிறைப்பட்டார். 1925 நவம்பரில் போராட்டம் முடிந்தபோது மூன்று பக்கத் தெருக்கள் திறந்திருந்தன, கிழக்குத் தெரு அப்போதும் திறக்கவில்லை. திருவிதாங்கூரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது 1936இல். பழ.அதியமானின் ‘வைக்கம் போராட்டம்’ இந்த வரலாற்றை ஆவணங்களோடு விரிவாகத் தருகிறது. நூலகங்களில் அதைச் சமூக வரலாறு என்று ஓர் அலமாரியிலும், பெரியபுராண ஆய்வுகளைச் சமயம் என்று வேறோர் அலமாரியிலும் வைத்திருக்கிறோம். நாளைப்போவார் புராணத்தை நடத்தும் வகுப்பில் அவை இரண்டும் ஒரே மேசைமேல் இருக்க வேண்டும்.